வெள்ளை யுபிவிசி ஃப்ரேமில் பொடி உதிர்கிறது, துடைத்த கண்ணாடியில் வெள்ளைக் கோடு விழுகிறது: என்ன செய்வது?

கேள்வி இதுதான். சென்னையில் ஒரு அபார்ட்மென்ட். வெள்ளை யுபிவிசி, அதாவது கெட்டியான பிளாஸ்டிக் ஸ்லைடிங் ஜன்னல்கள் போட்டுப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. கண்ணாடியைக் கழுவித் துடைத்ததும் பளிச்சென்று இருக்கிறது. காய்ந்த பிறகு பார்த்தால் மேலிருந்து கீழாக வெள்ளைக் கோடுகள். துடைக்க வருபவரை மாற்றிப் பார்த்தாகிவிட்டது, சோப்பை மாற்றிப் பார்த்தாகிவிட்டது, பலன் இல்லை. ஃப்ரேமைத் தொட்டால் விரலில் வெள்ளையாக ஒட்டுகிறது. ஆசிட் போட்டுத் தேய்க்கலாம் என்கிறார் ஒருவர், மொத்தமாக மாற்றிவிடுங்கள் என்கிறார் இன்னொருவர்.

ஜன்னல் செய்து மாட்டுவதும், மாட்டிய ஜன்னலைப் பராமரிப்பதும் என் தொழில் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதலில், துடைக்க வந்தவர்மீது தப்பில்லை. அந்த வெள்ளை வெளியிலிருந்து வந்து படிந்த அழுக்கு அல்ல, ஃப்ரேமின் மேல்தோலே பொடியாகி உதிர்கிறது. கண்ணாடியைக் கழுவும்போது ஃப்ரேமும் நனைகிறது. அந்தப் பொடி தண்ணீரில் கலந்து கண்ணாடியில் வழிந்து, காய்ந்ததும் கோடாகத் தெரிகிறது. சோப்பை மாற்றிப் பயனில்லாததற்குக் காரணம் இதுதான். மாற்ற வேண்டியது வேலை செய்யும் முறையை. ஃப்ரேம் ஒரு வேலை, கண்ணாடி வேறு வேலை என்று பிரித்துக்கொண்டால் பிரச்சினையில் முக்கால் பங்கு தீர்ந்துவிடும். ஆசிட் வேண்டவே வேண்டாம். ஜன்னலை மாற்ற வேண்டிய அவசியமும் அநேகமாக இருக்காது.

உங்கள் ஜன்னலில் இருப்பது இதுதானா என்று உறுதி செய்துகொள்வது சுலபம். ஃப்ரேம் நன்றாகக் காய்ந்திருக்கும்போது ஒரு கறுப்புத் துணியை விரலில் சுற்றி ஒரு சாண் நீளத்துக்குத் தேயுங்கள். சாம்பல் அல்லது பழுப்பு நிறத்தில் வந்தால் அது ரோட்டுத் தூசி. மாவு போல வெள்ளையாக, நைசாக வந்தால் ஃப்ரேம் ஆக்சிடைஸ் ஆகியிருக்கிறது. இன்னொரு வழியும் உண்டு. ஸ்லைடிங் ஷட்டரை முழுக்க ஒரு பக்கம் தள்ளிவிட்டு, வழக்கமாக அது மூடி நிற்கும் இடத்தில் ஃப்ரேம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். வெயிலே படாத அந்தப் பட்டை இன்னமும் புதுசு போல வழுவழுப்பாக, லேசான நீல வெள்ளையில் மின்னும். அதற்கு ஒரு அங்குலம் தள்ளி, வெயில் பட்ட இடம் சொரசொரப்பாக, ஒளியே இல்லாமல் இருக்கும். நடுவில் கோடு கிழித்தது மாதிரி எல்லை தெரியும்.

ஏன் இப்படி ஆகிறது? யுபிவிசி என்பது மிருதுவாக்கும் எண்ணெய் சேர்க்காத பிவிசி. அதில் வெள்ளை நிறத்துக்காக டைட்டானியம் டை ஆக்சைடு கலக்கிறார்கள். நிறம் தருவதோடு, வெயிலிலிருக்கும் புற ஊதாக் கதிரைப் பிளாஸ்டிக்குக்குள் போகவிடாமல் தடுக்கும் வேலையையும் அதுதான் செய்கிறது. கூடவே கொஞ்சம் கால்சியம் கார்பனேட்டும், சூட்டில் கெடாமலிருக்க ஸ்டெபிலைசரும் சேரும். வெயில், காற்றிலுள்ள ஆக்சிஜன், ஈரம் மூன்றும் சேர்ந்து வருடக்கணக்கில் தாக்கும்போது மேற்பரப்பிலிருக்கும் பிவிசி மூலக்கூறுச் சங்கிலிகள் அறுந்து அரிபட்டுப் போகின்றன. டைட்டானியத்தையும் கால்சியத்தையும் பிடித்துக்கொண்டிருந்த பிளாஸ்டிக் போய்விட, அந்தத் துகள்கள் பிடிமானம் இல்லாமல் மேலே நிற்கும். சுண்ணாம்பு அடித்த பழைய சுவரில் சாய்ந்தால் சட்டையில் ஒட்டுமே, அதே சங்கதி.

டைட்டானியம் டை ஆக்சைடு ஒளி பட்டால் தானும் ஒரு வினையூக்கியாக மாறி, சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கை அரிக்கக் கூடியது. அதனால்தான் நல்ல தரத்தில் ஒவ்வொரு துகளுக்கும் அலுமினா, சிலிக்கா பூச்சு கொடுத்து அடக்கி வைக்கிறார்கள். மலிவான கலவையில் இந்தத் தரம் குறையும், அளவும் குறையும், அந்த இடத்தைக் கால்சியம் நிரப்பும். ஒரே தெருவில் ஒரே வருடம் போட்ட இரண்டு வீட்டு ஜன்னல்களில் ஒன்று நாலே வருடத்தில் பொடி விடுவதும், மற்றது பத்து வருடம் தாங்குவதும் பெரும்பாலும் இதனால்தான்.

நம் ஊர் வெயிலையும் சொல்ல வேண்டும். இந்த ஜன்னல் ஐரோப்பாவில் வளர்ந்த பொருள். அங்கே ப்ரொஃபைல்களுக்கு, அதாவது ஃப்ரேம் செய்யும் பிளாஸ்டிக் பட்டைகளுக்கு, இ.என். 12608 என்றொரு தரநிலை இருக்கிறது. அது தட்பவெப்பத்தை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு சதுர மீட்டர் தரையில் வருடத்துக்கு 5 கிகாஜூலுக்குக் கீழே வெயில் விழுந்து, மிக வெப்பமான மாதத்தின் சராசரியும் 22 டிகிரிக்குக் கீழே இருந்தால் மிதமானது. அதைத் தாண்டினால் கடுமையானது. லண்டனில் வருடத்துக்கு 4 கிகாஜூலுக்கும் குறைவாகத்தான் விழுகிறது. சென்னையில் சுமார் 7. வெப்பத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், இங்கே ஜனவரியின் சராசரியே 22 டிகிரியைத் தாண்டிவிடும். மிதமான பகுதிக்கென்று செய்த கலவையை இங்கே கொண்டுவந்து மாட்டினால் அது சீக்கிரம் பொடிவிடத்தான் செய்யும். புதிதாக வாங்குபவர்கள் விற்பவரிடம், ப்ரொஃபைல் கடுமையான தட்பவெப்ப வகைக்குச் சோதிக்கப்பட்டதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் தெரியாத கடையில் வாங்காமலிருப்பது நல்லது.

ஆனால் பயப்பட ஒன்றுமில்லை. இந்த அரிப்பு மேற்பரப்பில் மிக மெல்லிய அடுக்கோடு நின்றுவிடுகிறது. ப்ரொஃபைலின் வெளிச் சுவர், நல்ல வகையில் இரண்டரை மி.மீ.க்கு மேல் தடிமன் இருக்கும். உள்ளே இரும்புக் கம்பியும் ஓடுகிறது. பொடி உதிர்வதால் ஜன்னலின் பலம் குறையாது. கெடுவது பளபளப்பும் உங்கள் பொறுமையும்தான்.

எந்த ஜன்னலில் அதிகம் என்று கவனித்தால் ஒன்று புரியும். மேற்கு, தெற்குப் பக்கம் மோசமாக இருக்கும், அது எதிர்பார்த்ததுதான். ஆனால் முழுக்க மழையில் நனையும் ஜன்னலைவிட, சன்ஷேடுக்குக் கீழே, சாய்ந்த வெயில் மட்டும் படும் ஜன்னலில்தான் பொடி தடிமனாக நிற்கும். மழை பட்ட ஜன்னலில் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிப் போய்விடுகிறது. ஷேடுக்கு அடியில் இருப்பது சேர்ந்துகொண்டே போய், ஒரு நாள் காற்றோடு அடிக்கும் சாரலில் மொத்தமாக இறங்குகிறது. ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில் ‘யாருமே துடைக்கவில்லை, தானாகவே வெள்ளைக் கோடு வந்துவிட்டது’ என்று எங்களுக்கு போன் வரும். ஆகவே ஃப்ரேமை நன்றாகக் கழுவ வருடத்தில் ஒரே ஒரு முறைதான் நேரம் ஒதுக்க முடியும் என்றால், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், செப்டம்பரில் செய்யுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். காலையில், அந்தப் பக்கம் வெயில் வருவதற்கு முன்பே முடிக்கப் பாருங்கள். சூடான ஃப்ரேமில் சோப்புத் தண்ணீர் ஓடுவதற்குள் காய்ந்து பிடித்துக்கொள்ளும். முதலில் கொசுவலை ஷட்டரைக் கழற்றித் தனியாகக் கழுவிவிடுங்கள். பிறகு ஃப்ரேமையும் ஷட்டரையும் உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் மேலிருந்து கீழே தட்டி, கீழ் ட்ராக்கில் சேர்வதை வேக்குவமில் இழுத்துவிடுங்கள். தண்ணீர் தொடுவதற்கு முன் எவ்வளவு பொடி போகிறதோ அவ்வளவு வழியல் குறையும். இந்தப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்து ஐந்து லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் பாத்திரம் கழுவும் லிக்விட். அதற்கு மேல் வேண்டாம், நுரை அதிகமானால் அலசுவதுதான் கஷ்டம். மிருதுவான ஸ்பாஞ்சை நனைத்துப் பிழிந்து, ஃப்ரேமின் மேல் பட்டையிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும், கடைசியாகக் கீழ்ப் பட்டையும் துடையுங்கள். ஸ்பாஞ்சை அடிக்கடி வேறொரு வாளியில் அலச வேண்டும். அந்த வாளித் தண்ணீர் கொஞ்ச நேரத்திலேயே வெளுத்துவிடும், வெளுத்ததும் மாற்றுங்கள். அதே தண்ணீரில் தொடர்ந்தால் எடுத்த பொடியைத் திரும்பப் பூசுகிறீர்கள். பிறகு சுத்தமான தண்ணீரால் மேல் பட்டையை நிதானமாக அலசுங்கள். கீழே வழிவது நிறமில்லாமல் வரும்வரை அலச வேண்டும். கண்ணாடியில் வழிகிறதே என்று இந்தக் கட்டத்தில் கவலைப்படாதீர்கள்.

கோடு விழும் முக்கியமான இடம் ஒன்று இருக்கிறது. மேல் பட்டையில் கண்ணாடியைப் பிடித்திருக்கும் கறுப்பு ரப்பர், அதாவது கேஸ்கட். ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவிலுள்ள நூலளவு இடுக்கில் வெள்ளைத் தண்ணீர் தேங்கி நிற்கும். நீங்கள் கண்ணாடியை அழகாக வழித்து முடித்து, அடுத்த ஜன்னலுக்குப் போன பிறகு, மேல் மூலையில் ஒரு துளி மெதுவாகத் திரண்டு, பொறுக்க முடியாமல் ஓடும். ஓடின வழி காய்ந்ததும் கோடு. ஸ்லைடிங்கில் இரண்டு ஷட்டரும் சந்திக்கும் இடத்திலுள்ள உல் பிரஷ்ஷும், அதாவது தூசி தடுக்கும் நூல் பட்டையும், இதே வேலையைச் செய்யும், அது வெள்ளைச் சேற்றை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு கக்கும். எனவே ஃப்ரேம் அலசியவுடன் கண்ணாடிக்குப் போகாதீர்கள். ஒரு உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியை மடித்து, விரல் நகத்தால் அந்த ரப்பர் இடுக்கு நெடுக அழுத்தி ஒற்றி எடுங்கள். உல் பிரஷ்ஷைத் துணியால் பிடித்து மேலிருந்து கீழே உருவி எடுங்கள். ஃப்ரேமை முழுக்கத் துடைத்து, அரை மணி நேரம் காய விடுங்கள். முடிந்தால் கண்ணாடியை மறுநாளே வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக்கு ஹோஸ் வேண்டாம், மேலே பீய்ச்சவும் வேண்டாம். ஸ்ப்ரேயைக் கண்ணாடியில் அடித்தாலே சிதறி ஃப்ரேம் நனையும். துணியில் அடித்துக்கொள்ளுங்கள், அல்லது பிழிந்த ஸ்பாஞ்சால் கண்ணாடியை மட்டும், மேல் ரப்பருக்கு ஒரு விரல்கிடை கீழே நிறுத்தி நனையுங்கள். வைப்பரை முதலில் மேல் ஓரத்தில் குறுக்காக ஒரு இழுப்பு, பிறகு மேலிருந்து கீழாக. ஒவ்வொரு இழுப்புக்கும் ரப்பர் பிளேடைத் துணியில் துடைக்க வேண்டும். விட்டுப்போன அந்த ஒரு விரல்கிடையைக் கடைசியில் ஈரத் துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் முடித்துவிடுங்கள். மாதாமாதம் துடைப்பதென்றால் இந்தக் கண்ணாடி வேலை மட்டும் போதும், ஃப்ரேமைத் தொடவே வேண்டாம்.

இங்கிலாந்தில் வீடுகளுக்கு வெளியே நின்று, நீண்ட கம்பத்தின் நுனியில் பிரஷ் வைத்து, உப்பே இல்லாத தண்ணீரைப் பாய்ச்சிக் கழுவுவார்கள். துடைக்காமலே கறை இல்லாமல் காயும், அருமையான முறை. ஆனால் பொடிவிடும் ஃப்ரேம் வந்தால் அங்கேயும் அனுபவசாலிகள் கம்பத்தை வைத்துவிட்டு வாளியும் வைப்பருமாகத்தான் இறங்குகிறார்கள். தண்ணீர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஃப்ரேமைத் தாண்டி வரும்போது வெள்ளையாகிவிடும். நம் ஊரில் கயிற்றில் இறங்கி ஸ்ப்ரே அடித்துக் கழுவும் அடுக்குமாடிகளிலும் இதேதான் நடக்கிறது, மேல் மாடிப் பொடி கீழ் மாடிக் கண்ணாடியில் காய்கிறது. அசோசியேஷனில் சொல்லி, பொடிவிடும் வரிசை ஜன்னல்களை மட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ளேயிருந்து துடைக்க ஏற்பாடு செய்வது நல்லது.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. போர் தண்ணீரில் அலசினால் ஃப்ரேம் பொடியோடு உப்பும் சேர்ந்து காய்ந்து கண்ணாடியில் கெட்டியாகப் பிடிக்கும். கடைசி அலசலுக்கு ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து வருவது என்பதால் அதில் உப்பு அநேகமாக இல்லை. தூசி இருக்கும், துணியில் வடிகட்டினால் போதும். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீர் இதற்கு நேர் எதிர், அதில் உப்பு இன்னும் கூடுதல். அதை ஜன்னலுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

ஏற்கெனவே கண்ணாடியில் மாதக்கணக்காகக் காய்ந்த கோடுகள் இருந்தால், முதலில் எது என்ன என்று பிரித்தறிய வேண்டும். உப்புக்கறை வினிகரில் கரையும். டைட்டானியப் பொடி எந்த வினிகருக்கும் கரையாது, தேய்த்துத்தான் போக வேண்டும். பஞ்சில் வினிகர் நனைத்து ஒரு ஓரத்தில் பத்து நிமிடம் ஒட்டி வைத்துப் பாருங்கள். போகவில்லை என்றால், சோப்புத் தண்ணீர் தாராளமாக இருக்கும்போதே, 0000 (நாலு பூஜ்யம்) தர மெல்லிய ஸ்டீல் வூல் கொண்டு கண்ணாடியில் மட்டும் லேசாகத் தேய்க்கலாம். சாதாரணப் பாத்திரக் கம்பி நார் கூடாது. ஃபிலிம் ஒட்டிய கண்ணாடிக்கும், வெப்பம் தடுக்கும் கோட்டிங் வெளிப்பக்கம் உள்ள கண்ணாடிக்கும் இதைச் செய்யவே கூடாது. வினிகர் ஃப்ரேமிலும் ஹேண்டிலிலும் வழியாமல் பார்த்துக்கொண்டு, பிறகு நன்றாக அலசிவிடுங்கள்.

பளபளப்பைத் திரும்பக் கொண்டுவர முடியுமா? முடியும், ஆனால் நிரந்தரமாக அல்ல. பொடியாகிப்போன அடுக்கை மெல்லத் தேய்த்து எடுத்துவிட்டு, கீழேயுள்ள நல்ல பிளாஸ்டிக்கின்மேல் ஒரு பாதுகாப்புப் பூச்சு கொடுக்க வேண்டும். யுபிவிசிக்கென்றே விற்கும் க்ரீம் பாலிஷ் இருந்தால் அதுதான் முதல் தேர்வு. கிடைக்காவிட்டால், கார் பெயின்ட் கடையில் கிடைக்கும் நைஸ் ரப்பிங் காம்பவுண்ட் உதவும். மெலமைன் ஸ்பாஞ்ச், அதாவது ‘மேஜிக்’ என்று விற்கும் வெள்ளை ஸ்பாஞ்சும் நன்றாக எடுக்கும். அதுவும் நுண்ணிய உப்புத்தாள்தான் என்பதால், பளபளப்பு இன்னும் இருக்கும் இடத்தில் தொடாதீர்கள். எதுவானாலும் ஷட்டரின் கண்ணுக்குப் படாத ஓரத்தில் முதலில் சோதியுங்கள். கையால் மட்டும் தேயுங்கள். பாலிஷ் மெஷின் போட்டால் சூடேறும், யுபிவிசி 80 டிகிரி வாக்கிலேயே இளகத் தொடங்கிவிடும், இழுவைத் தடம் விழுந்தால் போகாது. தேய்த்து முடித்ததும் கழுவிக் காயவைத்து, லிக்விட் வாக்ஸ் மெல்லியதாகப் பூசித் துடையுங்கள். பூச்சு இல்லாமல் விட்டால் பொடி சீக்கிரமே திரும்பும். பூசினாலும் மேற்கு வெயிலில் சில மாதங்கள்தான் தாங்கும். வாக்ஸ் கண்ணாடியில் பட்டால் அதுவும் மங்கலடிக்கும், எனவே ஓரத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். என் கருத்தைக் கேட்டால், வாசலைப் பார்த்த ஜன்னல், பால்கனிக் கதவு மாதிரி கண்ணில் படும் இடத்துக்கு மட்டும் இந்த மெனக்கெடல் போதும். ஒவ்வொரு தேய்ப்பும் ஒரு அடுக்கைக் கொண்டுபோகிறது, அடிக்கடி செய்வதற்கான வேலை இது இல்லை.

தேங்காய் எண்ணெயோ, துரு எடுக்கும் ஸ்ப்ரேயோ தடவினால் அன்றைக்குப் பளபளப்பாகத் தெரியும். ஒரே வாரத்தில் ரோட்டுத் தூசி அத்தனையும் அதில் ஒட்டிக்கொள்ளும். தின்னர், அசிட்டோன் இரண்டும் பிவிசியை இளக்கிக் கெடுத்துவிடும், பெட்ரோலும் மண்ணெண்ணெயும் கறுப்பு ரப்பரை உப்பவைத்துத் தளர்த்தும். பாத்ரூம் ஆசிட் பிளாஸ்டிக்கைவிட மற்றவற்றைத்தான் கெடுக்கும்: ஹேண்டில், ரோலர், ஸ்க்ரூ, உள்ளேயிருக்கும் இரும்பு. ஈ.சி.ஆர். பக்கம் உப்புக் காற்றில் ஏற்கெனவே தவிக்கும் ஸ்க்ரூக்களுக்கு ஆசிட் ஆவி பட்டாலே போதும். பச்சை ஸ்க்ரப்பர் போட்ட கீறல்களில் அழுக்கு குடியேறி, அடுத்த முறை துடைப்பது இன்னும் கஷ்டமாகும். கீழ் ட்ராக்கிலுள்ள தண்ணீர் வடியும் துளைகளையும் மறக்காதீர்கள். கழுவும்போது இறங்கிய பொடிச் சேறு அவற்றை அடைத்தால் மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வரும். ஒரு ஈர்க்குச்சியால் குத்திவிட்டு, ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றி வெளியே வடிகிறதா பாருங்கள்.

பொடி இல்லாமல் நிறம் மட்டும் மாறியிருந்தால் அது வேறு கதை. சமையலறை ஜன்னலின் மஞ்சள் பெரும்பாலும் எண்ணெய்ப் புகை, சோப்பிலேயே போகும். போகாத மஞ்சள், பிளாஸ்டிக் உள்ளேயே சிதைவதன் அடையாளம். சாக்கடை, கழிவுநீர்க் கால்வாய் ஓரத்து வீடுகளில் ஃப்ரேம் கறுத்துப்போனால், அது ஈய ஸ்டெபிலைசர் கலந்த பழைய ப்ரொஃபைலாக இருக்கலாம். கழிவுநீரிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு ஈயத்தோடு சேர்ந்து கறுப்பு ஈய சல்பைடாகிறது. ஐரோப்பிய உற்பத்தியாளர்கள் 2015 முடிவில் ஈயத்தைக் கைவிட்டுக் கால்சியம்-துத்தநாகத்துக்கு மாறிவிட்டார்கள். உங்கள் ஃப்ரேமில் ஈயம் இருக்குமோ என்று சந்தேகமிருந்தால் உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். மேலே சொன்ன உலர் பிரஷ் படியை விட்டுவிட்டு ஈரத்துணியால் மட்டும் எடுங்கள், கையைக் கழுவுங்கள், குழந்தைகளைத் தள்ளி வையுங்கள்.

எப்போது மாற்ற வேண்டும்? வெல்டிங் போட்ட மூலைகளில் விரிசல், ஷட்டர் வளைந்து பூட்டு சேராமை, இரட்டைக் கண்ணாடிக்குள் ஆவி படிதல் இப்படி இருந்தால் யோசிக்கலாம். அதிலும் கடைசி இரண்டுக்கு ஷட்டரையோ கண்ணாடியையோ மட்டும் மாற்ற முடியும். வெறும் பொடிக்காக ஜன்னலை மாற்றச் சொல்பவரிடம், புதிதாகப் போடப்போகும் ப்ரொஃபைலுக்கு வெயிலில் நிறம் மங்காது, பொடிவிடாது என்று எழுத்தில் உத்தரவாதம் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள்.

துடைக்க வருபவருக்கும் இதையெல்லாம் ஒருமுறை சொல்லிக் காட்டிவிடுங்கள். பொடிவிடும் ஃப்ரேமுக்குச் சாதாரண ஜன்னலைப்போல இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும், கூலியை அதற்கேற்பப் பேசிக்கொள்ளுங்கள். மூன்றாவது மாடியிலோ அதற்கு மேலோ இருந்தால், வெளிப்பக்கத்துக்காக அவரைச் சன்ஷேடில் இறங்கச் சொல்லாதீர்கள். பெரும்பாலான ஸ்லைடிங் ஷட்டர்களை மேலே தூக்கி, கீழ்ப்பக்கத்தை உள்ளே இழுத்தால் கழற்றிவிடலாம். கண்ணாடி கனமாக இருக்கும், அதற்கு இரண்டு பேர் வேண்டும்.